பேர்க்காசு

எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு காட்போட் பெட்டி இருக்கிறது. அதன் பக்கத்தில் 'தொழிலாளர் உரிமைகள் – கைநூல் – 200' என்று நீல மார்க்கரால் எழுதியிருக்கிறது. என் கையெழுத்துத்தான். இப்போது அதற்குள் அம்மாவின் கோழி அடை கிடக்கிறது. புத்தகங்களை எடுத்து அலுமாரிக்கு மேலே அடுக்கிவிட்டு, பெட்டிக்குள் வைக்கோல் போட்டுப் பதினொரு முட்டை வைத்திருக்கிறார். கேட்டதற்கு, "சும்மா கிடந்த பெட்டிதானே" என்றார். எனக்கும் மறுத்துச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அந்தக் கைநூலில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 12,500 ரூபா என்று அச்சிட்டிருக்கிறோம். 2024இல் அது 17,500 ஆனது. 2025 ஏப்ரலில் 27,000. 2026 ஜனவரியில் 30,000. புத்தகம் அப்படியே நிற்கிறது, சட்டம் மூன்று முறை நகர்ந்துவிட்டது. கோழிக்காவது அந்தப் பெட்டி உதவட்டும்.

மூன்று வருடம் நான் ஒரு தொழிலாளர் உரிமைச் செயற்திட்டத்தில் கள உத்தியோகத்தராக வேலை செய்தேன். இலங்கையின் வடக்கே வன்னியில், கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டு மாவட்டமும் எங்கள் பொறுப்பு. வெளிநாட்டுப் பணம், கொழும்பில் தலைமை அலுவலகம், இங்கே ஒரு வாடகை வீடு, இரண்டு மோட்டார் சைக்கிள். அமைப்பின் பெயர் இங்கே வேண்டாம். பெயர் சொன்னால் அவர்களைப் பற்றி மட்டும் பேசுவதாக ஆகிவிடும். இதே கதையை வேறு பெயர்ப்பலகைக்குக் கீழே வேலை செய்தவர்களும் சொல்வார்கள்.

வன்னியில் வளர்ந்தவர்களுக்கு 'புரொஜெக்ட்' என்பது ஒரு பருவம் மாதிரி. மாரி, கோடை, புரொஜெக்ட். போர் முடிந்து மெனிக் பாம் அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பியபோது தகரம் தந்தது ஒன்று, கிணறு இறைத்துத் தந்தது இன்னொன்று. பிறகு கோழி, ஆடு, தையல் மெஷின். தையல் மெஷின் கிடைத்த பெண்கள் சிலர் ஒரு வருடத்துக்குள் அதை விற்றுவிட்டு, ஆடைத் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் கார்மென்ட் பஸ்ஸில் ஏறியது எனக்குத் தெரியும். அவர்களைப் பிழை சொல்ல முடியாது. ஒரு ஒழுங்கையில் ஆறு பேர் தைத்தால் தைப்பிக்க யார் வருவார்கள்? இதற்கிடையில் வாரக் கடன்காரர்கள் வாசலுக்கு வந்தார்கள். 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபா வரையான நுண்கடனை அரசாங்கமே தள்ளுபடி செய்யும் அளவுக்கு அந்தப் பிரச்சினை முற்றியது. செவ்வாய்க்கிழமைக்குக் கட்ட வேண்டிய தவணை இருக்கும் வீட்டில், மாதச் சம்பளம் தரும் எந்த வேலையும் நல்ல வேலைதான்.

இருள் விலகுமுன் ஏ9 வீதியில் நின்று பார்த்தால் தெரியும். கார்மென்ட் பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் போகும். கண்ணாடியில் சாய்ந்து தூங்கும் தலைகள், மடியில் சாப்பாட்டுப் பை. பஸ்ஸில் போகாதவர்கள் நகரத்துப் புடவைக்கடையில் நிற்பார்கள், அரிசி ஆலையில் நிற்பார்கள், கச்சான் பிடுங்கப் போவார்கள், வெட்டுக் காலத்தில் வயலுக்குப் போவார்கள். சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் பண்ணைகளில் வேலை செய்தவர்களும் உண்டு.

எங்களுடைய வேலை இந்தப் பெண்களுக்கு உரிமைகளைச் 'சொல்லிக் கொடுப்பது'. மாதர் சங்கக் கட்டடம், பிளாஸ்டிக் கதிரை, பின்னால் கொடையாளரின் சின்னம் போட்ட பதாகை. ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எப்.) உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் வெட்டுவார்கள், முதலாளி 12 சதவீதம் போட வேண்டும், ஈ.ரி.எப். என்ற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம் முழுக்க முதலாளி கணக்கு, இதையெல்லாம் ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும் கட்டியே ஆகவேண்டும். வேலையை விட்டு விலகும்போது தரும் பணிக்கொடைக்கு ஐந்து வருடம் வேண்டும், கடையில் பதினைந்து பேராவது இருக்க வேண்டும். பிரசவ விடுமுறை 84 நாள். ஏழு பேர் சேர்ந்தால் தொழிற்சங்கம் பதியலாம், 1935ஆம் ஆண்டுச் சட்டமே அதைச் சொல்கிறது. ஆனால் முதலாளி உங்களோடு பேச மறுக்க முடியாது என்ற நிலை வர, அந்த இடத்தில் வேலை செய்பவர்களில் 40 சதவீதம் பேர் உறுப்பினராக இருக்க வேண்டும்; அது 1999இல் வந்த திருத்தம். இவ்வளவையும் ஒரு காலை நேரத்துக்குள் சொல்லிவிட்டு, மத்தியானம் சோற்றுப் பார்சல் கொடுத்து அனுப்புவோம்.

விசுவமடுப் பக்கம் ஒரு கூட்டத்தில், பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை கையை உயர்த்தினாள். இருபத்திரண்டு வயதிருக்கும்.

"மிஸ், உங்களுக்கு ஈ.பி.எப். வெட்டுறவையோ?"

சிரித்துச் சமாளித்தேன். வெட்டுவதில்லை. எங்கள் ஒப்பந்தத்தில் நாங்கள் 'ஆலோசகர்கள்'. மாதாமாதம் ஒரு பில் எழுதிக் கொடுப்போம், 'ஆலோசனைச் சேவைக்காக' என்று. காலை எட்டரைக்குக் கையெழுத்து, நாலரைக்குக் கையெழுத்து, லீவு எடுக்க இரண்டு நாளுக்கு முன் அனுமதி, ஆனால் ஆலோசகர். ஒப்பந்தம் பதினொரு மாதம், பிறகு ஒரு மாதம் இடைவெளி, பிறகு இன்னொரு பதினொரு மாதம். அந்த இடைவெளி மாதத்திலும் களத்துக்குப் போவோம். போகாவிட்டால் அடுத்த ஒப்பந்தம் வருமா என்ற பயம். பணிக்கொடைப் பகுதியைப் படிப்பிக்கும்போது மட்டும் நான் கொஞ்சம் வேகமாகப் படிப்பிப்பேன் என்று பிறகுதான் எனக்கே உறைத்தது.

அந்தப் பிள்ளை கேட்டதை மாதாந்த அறிக்கையில் எழுதவில்லை. 'பங்குபற்றியோர் ஆர்வத்துடன் கேள்விகள் கேட்டனர்' என்று எழுதினேன்.

இனி அந்தப் புடவைக்கடை அக்காவின் விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அவவுக்காகத்தான்.

கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். நகரத்தில் ஒரு கடையில் மூன்று வருடம் நின்றா. சம்பளம் 20,000. மாதம் 1,600 ரூபா ஈ.பி.எப். என்று வெட்டி, சம்பளத் துண்டிலும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கடைக்காரர் பங்கு 2,400 சேர்ந்தால் மாதம் 4,000 அவவின் பேரில் மத்திய வங்கிக்குப் போயிருக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு 144,000. விசாரித்துப் பார்த்தபோது அவவின் பேரில் ஒரு சதமும் இல்லை, கணக்கே இல்லை. வெட்டியதும் போகவில்லை, போட வேண்டியதும் போகவில்லை.

நான் துள்ளினேன். இதைவிடத் தெளிவான வழக்கு கிடையாது. சம்பளத் துண்டு கையில் இருக்கிறது. பிந்திக் கட்டினால் 5 சதவீதத்திலிருந்து 50 சதவீதம் வரை மேலதிகக் கட்டணம் விழும் என்று சட்டத்தில் இருக்கிறது. தொழில் திணைக்களத்தில் ஒரு முறைப்பாடு, அவ்வளவுதான் என்றேன். அக்கா அமைதியாகக் கேட்டுவிட்டுச் சொன்னா:

"சரி தங்கச்சி. எத்தினை நாள் வரோணும்?"

ஒரு நாள் முறைப்பாடு கொடுக்க. பிறகு இரண்டு பக்கத்தையும் விசாரணைக்குக் கூப்பிடுவார்கள், அன்றைக்கு ஒரு நாள். கடைக்காரர் வராவிட்டால் திரும்ப ஒரு தேதி. மூன்று நாள் என்று வைப்போமா, நாலு என்று வைப்போமா? அவவே விரல் மடித்துக் கணக்குப் போட்டா. அப்போது வேறொரு கடையில் நாட்சம்பளத்துக்கு நின்றா. போகாத நாளுக்குக் காசு இல்லை. இரண்டு நாள் சேர்ந்தாற்போல் நின்றால் அந்த இடத்துக்கு வேறொரு ஆள் வந்துவிடும். பஸ் காசு, போட்டோ கொப்பி, சின்னப் பிள்ளையைப் பார்க்க மாமிக்குச் சொல்ல வேண்டும். எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு, "காசு வந்தால் நல்லதுதான். வாறவரைக்கும் என்னத்தைத் தின்னுறது?" என்றா.

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. அந்த அக்காவுக்கு நாங்கள் சொல்லிக் கொடுத்ததில் புதிதாக எதுவும் இல்லை. தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்பது அவவுக்கு எங்களுக்கு முந்தியே தெரியும். எவ்வளவு என்றுகூட ஓரளவுக்குத் தெரியும். அவவிடம் இல்லாதது மூன்று நாள்.

அலுவலகத்துக்கு வந்து வரவுசெலவுத் தாளைத் திறந்து பார்த்தேன். மண்டப வாடகை இருக்கிறது. பதாகை இருக்கிறது. கைநூல் அச்சு, வடிவமைப்பு, மொழிபெயர்ப்பு இருக்கிறது. பயிற்சி நடத்தக் கொழும்பிலிருந்து வரும் வளவாளருக்கு ஒரு நாள் கட்டணம் இருக்கிறது. அது அந்த அக்காவின் ஒரு மாதச் சம்பளத்துக்குக் கிட்ட. ரி-ஷேர்ட், தொப்பி இருக்கிறது. முறைப்பாடு கொடுக்கப் போகும் தொழிலாளிக்கு இழந்த கூலி என்ற வரி இல்லை. நிதி உத்தியோகத்தரிடம் கேட்டேன். நல்ல மனிதர். பயனாளிகளுக்கு நேரே காசு கொடுக்கக் கொடையாளர் விதி விடாது, ரசீது காட்ட முடியாத செலவு கணக்காய்வில் நிற்காது என்றார். வேண்டுமென்றால் இன்னொரு பயிற்சி வைத்து, வருபவர்களுக்குப் பயணப்படி என்று கொடுக்கலாம் என்றார். அதாவது உரிமை என்ன என்று கேட்க வந்தால் காசு கொடுக்கலாம், அதைக் கேட்டு வாங்கப் போனால் கொடுக்கக்கூடாது.

அந்த அக்கா முறைப்பாடு கொடுக்கவில்லை. அந்தக் காலாண்டில் பயிற்சி பெற்றோர் தொகையில் நாங்கள் இலக்கைத் தாண்டியிருந்தோம்.

இந்தப் பணம் ஏன் வருகிறது என்று ஊரில் பலர் கேட்பார்கள். புண்ணியத்துக்கு என்று சிலர் நினைக்கிறார்கள், உளவு பார்க்க என்று சிலர். இரண்டையும்விடச் சாதாரணமான காரணம் வியாபாரம். இங்கே ஒரு பெண்ணைச் சம்பளம் குறைத்து, சங்கம் சேரவிடாமல் வைத்து மலிவாகச் சட்டை தைத்தால், அங்கே சட்டை தைக்கிறவரின் வேலை போகிறது. அமெரிக்கத் தொழில் திணைக்களத்துக்குள் சர்வதேசத் தொழில் விவகாரங்களுக்கென்று ஒரு பணியகம் 1947இலிருந்து இருக்கிறது. எந்தெந்த நாட்டில் எந்தெந்தப் பொருள் சிறுவர் உழைப்பாலும் கட்டாய உழைப்பாலும் ஆகிறது என்று 2009இலிருந்து பட்டியல் போடுவதும், பல நாடுகளில் இப்படியான செயற்திட்டங்களுக்கு மானியம் கொடுப்பதும் அவர்கள் வேலை. ஐரோப்பாவில் அதை வரிச்சலுகையோடு கட்டி வைத்திருக்கிறார்கள். ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற அந்தச் சலுகை வேண்டுமென்றால் 27 சர்வதேச உடன்படிக்கைகளை மதிக்க வேண்டும், தொழிலாளர் உரிமை பற்றியவையும் அதில் அடக்கம். இலங்கைக்கு அது 2005இல் கிடைத்து, 2010 ஓகஸ்டில் மனித உரிமைக் காரணங்களால் பறிபோய், 2017 மே மாதம் திரும்பி வந்தது. எங்கள் ஊர்ப் பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போகிற பிள்ளை தைக்கும் சட்டைக்கு பிரசெல்ஸில் இருக்கும் ஒரு தாளோடு சம்பந்தம் இருக்கிறது. அதை விளக்கிச் சொன்னபோது மட்டும் கூட்டங்களில் யாரும் கொட்டாவி விடவில்லை.

பணமும் பிடியும் ஒன்றாக வந்தால் வேலை நடக்கும் என்பதற்குக் கம்போடியாவைச் சொல்வார்கள். 1999இல் அமெரிக்காவும் கம்போடியாவும் ஆடை ஒப்பந்தம் ஒன்று செய்தன. அப்போது ஒவ்வொரு நாடும் இவ்வளவு துணிதான் அனுப்பலாம் என்று கோட்டா இருந்தது. தொழிற்சாலைகளில் தொழில் சட்டம் ஒழுங்காக நடந்தால் கோட்டாவைக் கூட்டித் தருகிறோம் என்றார்கள். உள்ளே போய்ப் பார்த்துச் சொல்லும் வேலையை சர்வதேசத் தொழில் அமைப்பு (ஐ.எல்.ஓ.) 2001இல் தொடங்கியது. முதலாளிக்கு லாபம், தொழிலாளிக்கும் கொஞ்சம் மூச்சு. 2004 முடிவோடு உலகக் கோட்டா முறையே போய்விட்டது, அந்தப் பிடியும் அதோடு போனது. செயற்திட்டம் மட்டும் தொடர்ந்தது.

பிடி இல்லாமல் பணம் மட்டும் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் அலுமாரிக்கு மேலே இருக்கும் கைநூல்கள் போதும். பணமும் திடீரென்று நின்றால்? 2025 மார்ச்சில் நான் சொன்ன அந்த அமெரிக்கப் பணியகத்தின் மானியங்கள் எல்லாம் ஒரேயடியாக நிறுத்தப்பட்டன. அந்த ஜூலையோடு அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யூ.எஸ்.எயிட்டும் கடையைச் சாத்தியது. எங்களுக்குப் பணம் தந்தவர்கள் வேறு ஆட்கள், ஆனால் அதே காலத்தில் அவர்களும் முன்னுரிமைகளை மீளாய்வு செய்தார்கள். இரண்டாம் கட்டம் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், வராது என்று ஒரு வெள்ளிக்கிழமை மின்னஞ்சலில் சொன்னார்கள். இரண்டு கிழமையில் வீட்டைக் காலி செய்தோம். கதிரைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தோம். கைநூலை யாரும் கேட்கவில்லை.

காலி செய்வதற்கு முன் சில கிராமங்களுக்குச் சொல்லிவிட்டு வரப் போனேன். தர்மபுரம் பக்கம் ஒரு வீட்டில் தேத்தண்ணி குடித்தபோது, திண்ணையில் இருந்த அம்மம்மாவோடு பேச்சு வந்தது. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். வன்னியில் இப்படி வந்தவர்கள் நிறையப் பேர், 1958க்குப் பிறகு வந்தவர்களும் இருக்கிறார்கள். காட்டை வெட்டி ஊராக்கியவர்கள். அப்படியிருந்தும் காணி உறுதி இல்லாமல் கூலிக்குப் போகிறவர்களில் அவர்கள்தான் அதிகம் என்பதைப் பற்றி வன்னிக்காரர் நாங்கள் சத்தமாகப் பேசுவதில்லை.

புரொஜெக்ட் முடிகிறது என்று சொன்னேன். என்ன புரொஜெக்ட் என்று கேட்டார். சொன்னேன். புடவைக்கடை அக்காவின் கதையையும் சொன்னேன். அம்மம்மா வெற்றிலையை ஒதுக்கிவிட்டுச் சொன்னார்:

"ஏன் பிள்ள, அந்தப் புள்ளைக்கி அன்னைக்கிப் பேரு போட்டுட்டா போயிருக்குமே."

எனக்கு விளங்கவில்லை. தோட்டத்தில் ஒரு நாள் கூலிக்கு 'பேர்' என்றுதான் சொல்வார்கள் என்று பக்கத்தில் இருந்த மகள் விளக்கினார். வேலைக்குப் போனால் பேர் விழும். கொழுந்து குறைந்தால் அரைப் பேர். அம்மம்மா தொடர்ந்தார்: "எங்க தோட்டத்துல தலைவர் இருந்தாரு. தொரைகிட்டப் பேசணும், ஆபீஸுக்குப் போகணும்னா அவருதான் போவாரு. போற அன்னைக்கி மலைக்கி வரமாட்டாரு. நாங்க குடுக்குற சந்தாவுல அவருக்குப் பேரு. இல்லாட்டி அவரு புள்ள குட்டி என்னத்தச் சாப்புடும்?"

மூன்று வருடம், எத்தனையோ வளவாளர், ஒரு நடுக்கால மதிப்பீடு, ஒரு வெளிநாட்டு நிபுணர். ஒருவரும் சொல்லாததை ஒரு கிழவி வெற்றிலைக்கு நடுவில் சொல்லிவிட்டார்.

தோட்டத் தொழிற்சங்கங்களை நான் கோயிலில் வைத்துக் கும்பிடவில்லை. சந்தாவைச் சம்பளத்திலேயே வெட்டி, தலைவர்கள் அமைச்சர்களாகி, சங்கம் தேர்தல் இயந்திரமானதை அவர்களுடைய பிள்ளைகளே சொல்லிக் கசந்துகொள்கிறார்கள். ஆனாலும் 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்து, கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸின் துப்பாக்கிச் சூட்டில் செத்த காலத்தில் யாரும் செயற்திட்ட முன்மொழிவு எழுதியிருக்கவில்லை. படிப்பறிவு இல்லை என்று ஒதுக்கப்பட்ட மனிதர்கள், போராடப் போகிறவனின் அடுப்பு அன்றைக்கு எரிய வேண்டும் என்பதை முதலில் கணக்கில் எடுத்திருக்கிறார்கள்.

வெளிப்பணம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் செயற்திட்டத்திலேயே நல்லது நடந்தது. கட்டுநாயக்காவுக்கு இருபது பெண்களைக் கூட்டிக்கொண்டு போனோம், வரவுசெலவில் 'அனுபவப் பகிர்வுப் பயணம்' என்ற ஒரு வரி மிச்சமிருந்ததால். 1978இலிருந்து இயங்கும் சுதந்திர வர்த்தக வலயம் அது, ஏற்றுமதித் தொழிற்சாலைகள் இருக்கும் இடம். போர் முடிந்தபின் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் அங்கே போய் போர்டிங் அறைகளில் தங்கி வேலை செய்கிறார்கள். 2011 மே மாதம் தனியார்துறை ஓய்வூதியச் சட்டமூலத்துக்கு எதிராக அங்கே ஆயிரக்கணக்கானோர் வெளியே இறங்கியதையும், பொலிஸ் சுட்டதில் ஓர் இளம் தொழிலாளி இறந்ததையும், அரசாங்கம் சட்டமூலத்தை மீளப் பெற்றதையும் அந்த இடத்திலேயே வைத்து சிங்களப் பெண்கள் சொன்னார்கள். எங்கள் பெண்களில் ஒருத்தி மொழிபெயர்த்தாள். திரும்பி வரும் பஸ்ஸில் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கும் வரைக்கும் வாய் ஓயவில்லை. அந்த ஒரு நாளில் நடந்தது அதற்கு முந்திய முப்பது பயிற்சியில் நடக்கவில்லை. எதிரே இருந்தது வளவாளர் இல்லை, தன்னைப் போல ஊசி ஏறிய விரலோடு இருக்கும் ஒருத்தி.

இதேபோல் ஐ.எல்.ஓ. வன்னியில் 2010களில் அவுஸ்திரேலியப் பணத்தோடு ஒரு வாழ்வாதாரச் செயற்திட்டம் செய்தது. வவுனியா வடக்கில் பப்பாசி செய்கிறவர்களைக் கூட்டுறவுச் சங்கமாக்கி, ஏற்றுமதி நிறுவனத்தோடு சேர்த்துவிட்டார்கள். அதில் உரிமை என்ற சொல்லை யாரும் பெரிதாக உச்சரிக்கவில்லை. பழம் கிலோவுக்கு என்ன விலை என்று வாங்குகிறவரோடு சங்கமாக உட்கார்ந்து பேசினார்கள். என் கணக்கில் அதுவும் தொழிலாளர் உரிமைதான்.

கடலுக்கு அந்தப் பக்கம் பார்த்தால் திண்டுக்கல் ஒப்பந்தம். ஒரு தலித் பெண் தொழிலாளி 2021 ஜனவரியில் கொலை செய்யப்பட்டதை அடுத்து, பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் நின்று, 2022 ஏப்ரலில் ஆலை நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. எச் அண்ட் எம் போன்ற வாங்குகிற கம்பெனிகளும் அதற்குள் கட்டுப்பட்டன. ஆலைக்குள் தொல்லை நடந்தால் கவனித்துச் சொன்னது சங்கம் பயிற்சி கொடுத்த தொழிலாளர்களே. வெளியிலிருந்து கைகொடுத்த அமைப்புகள் இருந்தன, அவர்களுடைய பணமும் உழைப்பும் அதில் உண்டு. ஆனால் முன்னுக்கு நின்றது அந்தச் சங்கம், அதில் இருந்த பெண்களுக்கு அதே ஊரில்தான் அடுத்த நாளும் சீவியம்.

என்னிடம் யாராவது காசைத் தந்து நீயே பங்கிடு என்றால் முதலில் பதாகையை வெட்டுவேன். சிங்களமும் தமிழும் தெரிந்த ஒரு சட்டத்தரணியை ஐந்து வருடத்துக்குப் பிடித்து வைப்பேன், வேலையால் நிறுத்தினால் தொழில் நியாயசபைக்கு ஆறு மாதத்துக்குள் போக வேண்டும் என்பதால். கட்டுநாயக்காவுக்கு மாதம் ஒரு பஸ். மிச்சம் முழுக்கப் பேர்.

இதையெல்லாம் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் செய்துவிட்டார்கள். நான் தர்மபுரத்து அம்மம்மாவின் கதையை விசுவமடுவில் போகிற போக்கில் சொல்லியிருந்தேன். ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது, என்னிடம் ஈ.பி.எப். பற்றிக் கேட்ட பிள்ளை ஒரு சீ.ஆர். கொப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். கடை, கார்மென்ட், ஆலை எல்லாம் கலந்து பதினேழு பேர். ஆளுக்கு மாதம் நூறு ரூபா. முறைப்பாட்டுக்கோ விசாரணைக்கோ யார் போனாலும் அன்றைய கூலியும் பஸ் காசும் அதிலிருந்து. சங்கமாகப் பதியவில்லை, யாப்பு இல்லை, பதாகை நிச்சயமாக இல்லை. கொப்பியின் முன் மட்டையில் 'பேர்க்காசு' என்று எழுதியிருந்தாள். இரண்டு பேர் போயிருக்கிறார்கள். அதில் ஒருத்தி புடவைக்கடை அக்கா. விசாரணை நடக்கிறது, கடைக்காரர் தவணை முறையில் கட்ட ஒத்துக்கொண்டிருக்கிறாராம். காசு இன்னும் கைக்கு வரவில்லை.

இது பெருகுமா என்று கேட்டால், பெருகாமலும் போகலாம். பதினேழு பேரில் மூன்று பேர் இரண்டு மாதம் கட்டவில்லை. ஒரே மாதத்தில் ஐந்து பேருக்கு விசாரணை வந்தால் கொப்பி கவிழ்ந்துவிடும். அந்த இடத்தில்தான் வெளிப்பணத்துக்கு வேலை இருக்கிறது, ஆனால் அதற்கு எந்தப் படிவத்தில் விண்ணப்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு நான் என் கதையையும் சொன்னேன். இப்போது ஒரு தனியார் கல்வி நிலையத்தில் மணிக்கணக்குக்குப் படிப்பிக்கிறேன், போகாத நாளுக்குக் காசு இல்லை. பழைய அமைப்பில் என் மூன்று வருட ஈ.பி.எப். பற்றித் தொழில் அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தேன். ஒப்பந்தத்தில் என்ன பெயர் போட்டார்கள் என்பதை விட வேலை எப்படி நடந்தது என்பதைத்தான் பார்ப்போம், கையெழுத்துப் புத்தகத்தின் பிரதி இருந்தால் கொண்டுவாருங்கள் என்றார் அங்கிருந்த உத்தியோகத்தர். அடுத்த புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார், இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன்.

அவள் கொப்பியை விரித்துப் பேனையை எடுத்தாள்.

"புதன்கிழமை எத்தினை மணித்தியாலம் வகுப்பு மிஸ்?"

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மூன்று என்றேன். எழுதினாள். பஸ் காசு எவ்வளவு என்று கேட்டாள். அதையும் எழுதினாள். பிறகு என்னிடம் நூறு ரூபா சந்தா கேட்டாள்.

கொடுத்தேன். ரசீது தரவில்லை.